வண்ணம் பூசாத மரக் கட்அவுட் துண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாங்காய், மயில், யானை, வட்டம், அறுகோணம், பெயர் எழுத்து என்று லேசரில் வெட்டி வெறுமையாக விற்கும் துண்டுகளை வாங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே தொகுக்கப்பட்டிருக்கின்றன. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி எழுதியவை. அதனால் முதல் ஐந்தையாவது தாண்டாமல் படியுங்கள்.

எம்டிஎஃப், பிளைவுட், பைன்னு மூணு விதமா விக்கிறாங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்க எதை வாங்கணும்?

எம்டிஎஃப். மர நாரைப் பசையோடு கலந்து சூட்டில் அழுத்திச் செய்த பலகை அது. ரேகை, முடிச்சு எதுவும் கிடையாது. முகம் வழுவழுப்பாக இருப்பதால் தூரிகை இழுபடாது. காந்தம், சாவிக்கொத்து போன்றவற்றுக்கு 2.5 அல்லது 3 மி.மீ. கனம் போதும். கோஸ்டர், வாசல் பெயர்ப்பலகைக்கு 4 மி.மீ.க்குக் குறையாமல் எடுங்கள். அதன் பலவீனம் இரண்டு: தண்ணீர் பட்டால் உப்பும், உப்பியது மறுபடி அமுங்காது, வெட்டிய ஓரம் பெயிண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

மர ரேகை தெரிய வேண்டும் என்றால் பிளைவுட். பைன் நிஜ மரம். அதன் முடிச்சுகளில் இருக்கும் பிசின் சில வாரங்கள் கழித்து வெள்ளைப் பெயிண்டைத் தாண்டி மஞ்சள் வட்டமாக மேலே வரும். ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கை (ஷெல்லாக்) முடிச்சின் மேல் இரண்டு பூச்சு கொடுத்த பிறகே பெயிண்ட் அடிக்க வேண்டும்.

கவரைப் பிரிச்சு நேரா பெயிண்ட் அடிச்சா என்ன ஆகிடும்?

முதல் பூச்சு திட்டுத்திட்டாக உறிஞ்சப்படும். இரண்டாவது பூச்சிலும் நிறம் மங்கலாகவே நிற்கும். நான்காவது பூச்சு அடிக்கும்போது பெயிண்ட் செலவு ஜெஸோ (நிறத்துக்கு முன் அடிக்கும் வெள்ளை அடிப்பூச்சு) விலையைத் தாண்டியிருக்கும். மரம் பெயிண்டில் உள்ள ஈரத்தையும் பசையையும் இழுத்துக்கொள்வதுதான் காரணம்.

வரிசை இதுதான்: தூசி தட்டுவது, 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பது, ஓரத்தை அடைப்பது, ஜெஸோ அல்லது வெள்ளை பிரைமர் இரண்டு பூச்சு, 320 எண்ணால் ஒரு தேய்ப்பு, பிறகு நிறம். ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக இருக்கட்டும். ஜெஸோ தொட்டால் ஒட்டாத நிலைக்கு அரை மணியில் வந்துவிடும், ஆனால் தேய்க்க இரண்டு மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டுத் தேய்த்தால் தூளாக வராமல் ரப்பர் போல் உருண்டு வரும்.

உப்புத்தாள்ல நம்பர் போட்டிருக்கே, எதுக்கு எது?

எண் ஏற ஏற மென்மை. 120 சிராய், பிசிறு நீக்க. 220 பிரைமருக்கு முன். 320 பிரைமருக்குப் பின். 400 வார்னிஷ் பூச்சுகளுக்கு இடையில். சின்னத் துண்டைக் கையில் பிடித்துத் தாளால் தேய்த்தால் விளிம்பு உருண்டு போகும். தாளை மேசையில் டேப்பால் ஒட்டிவிட்டு, துண்டை அதன் மேல் எட்டு எழுத்து போல நகர்த்துங்கள். எம்டிஎஃப் தூசி மிக நுண்ணியது, அதில் ஃபார்மால்டிஹைட் கலந்த பசையும் உண்டு. மாஸ்க் இல்லாமல் தேய்க்காதீர்கள், மின்விசிறியின் நேர்கீழே உட்காராதீர்கள். தேய்த்த பின் ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து ஒரு முறை துடைத்தால் போதும்.

முகம் நல்லா வருது, ஓரம் மட்டும் சொரசொரன்னு இருக்கு. என்ன தப்பு பண்றேன்?

தப்பு எதுவும் இல்லை, ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. எம்டிஎஃப் பலகையின் இரண்டு முகமும் இறுகி இருக்கும், நடுப்பகுதி தளர்வு. வெட்டும்போது அந்தத் தளர்வான நடுப்பகுதிதான் ஓரமாக வெளியே வருகிறது. பெயிண்டின் ஈரம் பட்டதும் நார்கள் நிமிர்ந்து நிற்கும், அதுதான் விரலில் தட்டுப்படும் சொரசொரப்பு.

வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவு கலந்து, தட்டைத் தூரிகையால் ஓரம் முழுக்கத் தடவுங்கள். ஒரு மணி நேரம் காய்ந்ததும் தொட்டுப் பாருங்கள், முன்பைவிட மோசமாக இருக்கும். பயப்பட வேண்டாம், நிமிர்ந்த நார்கள் இப்போது பசையில் விறைத்து நிற்கின்றன. 220 எண்ணால் தேய்த்தால் அவை உடைந்து விழும். மறுபடி ஒரு பூச்சு, மறுபடி தேய்ப்பு. இரண்டாவது தேய்ப்புக்குப் பிறகு நகத்தை ஓரத்தில் ஓட்டிப் பாருங்கள், சத்தமில்லாமல் வழுக்கினால் ஓரம் தயார். கண்ணாடி போல வேண்டுமென்றால் அக்ரிலிக் புட்டியை விரலால் ஓரத்தில் தேய்த்து அடைத்துவிட்டு 320 எண்ணால் தேய்க்கலாம். வெள்ளை சிமெண்ட் கலந்த சுவர் புட்டி வேண்டாம், துண்டு கீழே விழுந்தால் பெயர்ந்து வரும்.

ஜெஸோ விலை ஜாஸ்தியா இருக்கு. வீட்டிலேயே பண்ணிக்க முடியுமா?

முடியும். சலித்த சாக்பீஸ் தூள் அல்லது டால்கம் பவுடர் 2 கரண்டி, வெள்ளைப் பசை 1 கரண்டி, வெள்ளை அக்ரிலிக் 1 கரண்டி. தூளில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்துக்கொண்டு பிறகு மற்றதைச் சேருங்கள். தோசை மாவைவிடச் சற்று நீர்க்க இருக்க வேண்டும். பசை குறைந்தால் தூள் கையோடு வரும். பசை கூடினால் தேய்க்கவே முடியாது. மூடி வைத்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது, நாற்றம் வந்தால் கொட்டிவிடுங்கள். தினமும் செய்பவர்களுக்கு விலைக்கு வாங்குவதே மலிவு.

வெள்ளை அடிச்சா ஓரத்துல பழுப்புக் கறை கசிஞ்சு வருது. எத்தனை கோட் அடிச்சாலும் போகல.

லேசர் வெட்டு என்பது எரிப்பு. ஓரத்தில் படிந்த கரியும் பிசினும் பெயிண்டின் ஈரத்தில் கரைந்து மேலே ஏறுகின்றன. அதன் மேல் இன்னொரு ஈரப் பூச்சு அடித்தால் இன்னும் கொஞ்சம் கரைந்து வருமே தவிர நிற்காது.

உலர்ந்த துணியால் முதலில் கரியைத் துடையுங்கள். அடுத்து தச்சர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டு ஒரு துடைப்பு, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில். சானிடைசர் ஜெல் வேண்டாம், அதில் இருக்கும் கிளிசரின் படிந்தால் பெயிண்ட் பிடிக்காது. 220 எண்ணால் பழுப்பு வெளிறும்வரை தேய்த்துவிட்டு, முன்பு பைன் முடிச்சுக்குச் சொன்ன அவலரக்குக் கரைசலை ஓரத்துக்கு மட்டும் ஒரு பூச்சு கொடுங்கள். இந்தக் கறை அவலரக்குக்குக் கட்டுப்படுவது போல வேறெதற்கும் கட்டுப்படுவதில்லை. அடர் நிறம் அடிப்பதாக இருந்தால் இவ்வளவும் தேவையில்லை.

எந்தப் பெயிண்ட்? வீட்டுல போஸ்டர் கலர், ஃபேப்ரிக் பெயிண்ட், எனாமல் எல்லாம் மிச்சம் இருக்கு.

அக்ரிலிக்தான் முதல் தேர்வு. ஃபேப்ரிக் பெயிண்டும் அக்ரிலிக் வகைதான், மரத்திலும் நன்றாகப் பிடிக்கும். போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீரில் கரையும், வார்னிஷ் தூரிகை பட்டதும் கோடுகள் கலைந்துவிடும். கண்டிப்பாக அதைத்தான் பயன்படுத்துவேன் என்றால் மேலே ஸ்பிரே வார்னிஷ் மட்டும். எனாமல் உறுதியானது, ஆனால் காய ஒரு நாளாகும், டர்பன்டைன் வேண்டும். காய்ந்த அக்ரிலிக் மேல் எனாமல் நிற்கும், எனாமல் மேல் அக்ரிலிக் அடித்தால் உரிந்து வரும்.

வெள்ளைக் கோலக் கோடு இழுத்தா நடுவுல விட்டு விட்டு வருது. புள்ளியும் ஒரே அளவா வரல.

தரையில் கம்பி இழுக்கும்போது மாவு தானாக விழும், தூரிகையில் பெயிண்ட் தானாக இறங்காது. பாட்டிலிலிருந்து எடுத்த அக்ரிலிக்கில் ஐந்து துளிக்கு ஒரு துளி தண்ணீர் சேர்த்துத் தளர்த்துங்கள். லைனர் தூரிகையை, முடி நீளமாக மெல்லியதாக இருக்கும் 0 அல்லது 00 எண்ணை, அடிவரை நனைத்து, நுனியைத் தட்டில் உருட்டிக் கூராக்கி, முழங்கையை மேசையில் ஊன்றாமல் தோளிலிருந்து இழுக்க வேண்டும். சிக்குக் கோலத்தின் வளைவில் கையைத் திருப்பாதீர்கள், துண்டைத் திருப்புங்கள். கை நடுங்குபவர்கள் அக்ரிலிக் மார்க்கர் வாங்கிக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மார்க்கர் மை வார்னிஷில் கரைகிறதா என்று ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டு முழுதும் பூசுங்கள்.

புள்ளிக்குக் குண்டூசித் தலை, தேய்ந்துபோன பேனா ரீஃபில், பெயிண்டிங் தூரிகையின் பின்முனை எல்லாம் போதும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முறை தோயுங்கள், செங்குத்தாக வைத்துச் செங்குத்தாக எடுங்கள். ஒரே தோய்ப்பில் வரிசையாக வைத்தால் புள்ளி ஒன்றைவிட ஒன்று சிறுத்துக்கொண்டே போகும். மண்டலா வடிவங்களில் சிலர் அதையே வேண்டுமென்று செய்கிறார்கள். கோலத்தில் புள்ளி சிறுத்தால் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். புள்ளிக் கட்டத்தைப் பென்சிலில் போட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது. எச்.பி. பென்சிலை அழுத்தினால் கருப்பு வெள்ளையில் கரையும், வெளிர் சாக் பென்சில் எடுங்கள்.

டிஷ்யூ பேப்பர்ல இருக்குற பூ டிசைனை ஒட்டினா சுருக்கம் விழுது.

அலங்கார டிஷ்யூ பெரும்பாலும் மூன்றடுக்கு. அச்சிட்ட மேலடுக்கை மட்டும் உரித்தெடுங்கள், மற்ற இரண்டும் இருந்தால் பசை உள்ளே இறங்காது. அடித்தளம் வெள்ளையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூவின் நிறம் செத்துப்போகும்.

சுருக்கம் இல்லாமல் ஒட்ட ஈரமில்லாத முறை ஒன்று இருக்கிறது. பிரைமர் காய்ந்த துண்டின் மேல் பசையைத் தடவி முழுக்கக் காயவிடுங்கள். மேலே டிஷ்யூவை விரித்து, அதன் மேல் பட்டர் பேப்பர் வைத்து, பருத்திக்கான சூட்டில் நீராவி இல்லாமல் இஸ்திரிப் பெட்டியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பத்து விநாடி அழுத்துங்கள். பசை இளகி டிஷ்யூவைப் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் மீந்ததைக் கத்தரியால் வெட்டாதீர்கள். உப்புத்தாளை விளிம்பில் மேலிருந்து கீழாக இழுத்தால் நேர்கோடாக அறுந்துவிடும்.

ரெண்டு நாள் கழிச்சு பார்த்தா துண்டு அப்பளம் மாதிரி வளைஞ்சிருக்கு.

ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்திருப்பீர்கள். பூச்சு காயும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கிறது, மறுபக்கம் இழுக்க ஆளில்லை. 2.5 மி.மீ. துண்டில் இது சகஜம். பின்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூச்சு கொடுங்கள், நிறம் எதுவானாலும் சரி. காய்ந்ததும் இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். பெரும்பாலும் நேராகிவிடும். அடுத்த முறை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாற்றி மாற்றி அடித்தால் வளைவே வராது.

தமிழ்ல பேர் வெட்டித் தரச் சொன்னா எழுத்து தனித்தனியா பிரிஞ்சு வருது. புள்ளி தொலைஞ்சுபோச்சு.

ஆங்கில எழுத்துக்குச் செய்து பழகிய கடைகளில் இது அடிக்கடி நடக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி எதோடும் ஒட்டாதது. கெ, கே, கொ, கோ போன்றவற்றின் கொம்பும் காலும் தனித் துண்டுகள். ழ, மு, டி ஆகியவற்றின் மெல்லிய வால் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே உடைந்திருக்கும். ஆர்டர் கொடுக்கும்போதே இரண்டு விஷயம் சொல்லுங்கள்: எந்தக் கோடும் 4 மி.மீ.க்குக் குறையக் கூடாது. எழுத்துகள் அடியில் ஒரே பட்டையாக இணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பின்பலகையோடு வேண்டும். வெட்டும் முன் வடிவத்தைப் படமாக வாங்கிப் பாருங்கள். எழுத்துரு மாறினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பதும் உண்டு, கணினியில் சரியாகத் தெரிந்தாலும்.

பின்பலகை இருந்தால் எழுத்துகளைத் தனியாகப் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டு ஒட்டுவது சுலபம். ஒட்டும் இடத்தில் மட்டும் பெயிண்ட்டைச் சுரண்டிவிடுங்கள். பெயிண்ட் மேல் ஒட்டினால் பசை மரத்தைப் பிடிக்காது, பெயிண்டைத்தான் பிடிக்கும். தொலைந்த புள்ளிக்குப் பதிலாகச் சட்டைப் பொத்தான், பாசிமணி, அரைக்கோள மரமணி எதையும் வைக்கலாம், பல பலகைகளில் அதுதான் அழகாகவே இருக்கிறது.

மரமணிக்கு பெயிண்ட் அடிச்சா விரலெல்லாம் ஒட்டிக்குது.

தென்னை ஈர்க்குச்சியில் கோத்து, அடி நழுவாமல் நூல் சுற்றி, தெர்மாகோல் துண்டிலோ பாதி உருளைக்கிழங்கிலோ குத்தி நிறுத்துங்கள். குச்சியைச் சுழற்றிக்கொண்டே அடித்தால் ஒரே சுற்றில் முடியும். மணிகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. காய்ந்ததும் துளையில் அடைத்த பெயிண்டை ஊசியால் குத்தி எடுங்கள்.

ஃப்ரிட்ஜ் காந்தம் நாலே நாள்ல கழண்டு விழுது. ஃபெவிக்விக்தான் போட்டேன்.

உடனடிப் பசை விறைப்பாகக் காயும். ஃப்ரிட்ஜ் கதவை மூடும் ஒவ்வொரு அதிர்விலும் விரிசல் விடும். அதோடு அதன் ஆவி பக்கத்தில் இருக்கும் அடர்நிறப் பெயிண்டில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். இரண்டு குழாயாக வரும் எப்பாக்சிப் பசையைச் சம அளவு குழைத்துப் பயன்படுத்துங்கள். காந்தத்தின் பளபளப்பை உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்து, மரத்தின் பெயிண்டையும் சுரண்டி, ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். சின்ன நியோடிமியக் காந்தம் குழந்தைகள் கையில் சிக்கினால் ஆபத்து. இரண்டை விழுங்கினால் குடலின் இரு சுவர்களைக் கவ்வி ஓட்டை போட்டுவிடும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் காந்தத் தாளை வெட்டி ஒட்டுவதே சரி.

வார்னிஷ் அடிச்ச கோஸ்டர்ல டீ டம்ளர் ஒட்டிக்குது. ரெசின் ஊத்தினா சரியாகுமா?

தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும் தண்ணீர் வார்னிஷ் முழுதாக இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை சூடு பட்டால் இளகி ஒட்டும். வார்னிஷ் அடித்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள். கோஸ்டருக்கு வெறும் அக்ரிலிக் வார்னிஷ் பத்தாது, பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று பூச்சு, இடையில் 400 எண்ணால் தேய்ப்பு. எண்ணெய் சார்ந்த பாலியூரித்தேன் வெள்ளையை மஞ்சளாக்கும், வெள்ளைக் கோலத்துக்குத் தண்ணீர் வகையே நல்லது.

ரெசின் என்பது இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றி இறுகவிடுவது. பார்க்கக் கண்ணாடி போல இருக்கும், சூட்டில் அவ்வளவு கெட்டியில்லை. பல கைவினை ரெசின்கள் 50 முதல் 60 டிகிரி செல்சியஸிலேயே மென்மையாகிவிடும். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிய சூடான டீ அதைவிடச் சூடு, வட்டத் தடம் பதியும். தாங்கும் வெப்பநிலை பாட்டிலில் அச்சிட்ட ரெசினாகப் பார்த்து வாங்குங்கள், பாகம் 2:1 என்றால் அது எடையா கொள்ளளவா என்பதையும் பாருங்கள். பாகம் தவறிய ரெசின் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும், திருத்த வழியில்லை. கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம்.

மழைக்காலத்துல வார்னிஷ் வெள்ளையா பனி மாதிரி ஆகிடுச்சு.

காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கிக்கொண்டது. ஸ்பிரே வார்னிஷில் அதிகம் வரும். வெயில் ஏறிய பிறகு, பகல் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் அடியுங்கள். ஏற்கெனவே வந்துவிட்டால் ஹேர் டிரையரை ஓர் அடி தள்ளிப் பிடித்து மெல்லச் சூடாக்கிப் பாருங்கள், லேசானதாக இருந்தால் தெளிந்துவிடும். தடியாகப் பூசியதால் வந்த வெள்ளைக்கு இது உதவாது, தேய்த்து எடுக்க வேண்டியதுதான்.

கெமிக்கல் வேண்டாம். மஞ்சள், குங்குமம், டீ டிகாஷன் பூசலாமா?

பூசலாம், ஆயுள் தெரிந்து பூசுங்கள். மஞ்சள் நிறம் வெயிலில் சில வாரத்தில் வெளுக்கும். சோப்பு, சுண்ணாம்பு எது பட்டாலும் சிவக்கும். குங்குமமே மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவப்புதான். கொலுவுக்கு ஒன்பது நாள் வைக்கும் சின்ன மணைக்கு இது தாராளம், வாசல் பலகைக்கு ஆகாது.

டிகாஷன் சுவாரஸ்யமானது. திக்கான கறுப்பு டிகாஷனைப் பிளைவுட் அல்லது பைன் மேல் இரண்டு பூச்சு கொடுத்துக் காயவிடுங்கள். துருப்பிடித்த ஆணிகளையோ இரும்பு நாரையோ வினிகரில் மூன்று நாள் ஊறவைத்து, மூடியை இறுக்காமல் வைத்திருந்து, வடிகட்டி அதன் மேல் தடவினால் கண்ணெதிரே சாம்பல் கலந்த கறுப்பாக மாறும். டீயின் டேனினும் இரும்பும் சேர்வதுதான் காரணம். எம்டிஎஃப் மேல் இவ்வளவு ஈரம் வேண்டாம், உப்பிவிடும்.

பழைய மரச் செப்பு மாதிரி பளபளப்பு தூரிகையில வருமா?

வராது. அம்பாசமுத்திரம் செப்புச் சாமான், கர்நாடகத்தின் சன்னபட்டணா பொம்மை எல்லாம் கடைசலில் செய்தவை. மரம் சுழலும்போது நிறம் கலந்த அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்துகிறார்கள், உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் படிகிறது. சன்னபட்டணாவில் தாழை மடலால் அழுத்தி மெருகேற்றுவார்கள். தட்டையான கட்அவுட்டைக் கடைசலில் ஏற்ற முடியாது. நெருங்கிய பளபளப்பு வேண்டுமானால் வார்னிஷுக்கு மேல் மெழுகு தடவித் துணியால் தேயுங்கள்.

குழந்தைங்க விளையாட செஞ்சு விக்கலாம்னு இருக்கேன். நான்-டாக்ஸிக்னு போட்டிருந்தா போதும்தானே?

வீட்டுக் குழந்தைக்கென்றால் தண்ணீர் சார்ந்த பெயிண்ட், கூரில்லாத விளிம்பு, நன்கு இறுகிய வார்னிஷ், வாயில் அடங்காத அளவு ஆகியவற்றைப் பாருங்கள். வாயில் வைத்துக் கடிக்கும் வயதென்றால் எம்டிஎஃப் வேண்டாம், முழு மரம் எடுங்கள். பழைய எனாமல் டப்பாவைத் தொடவே வேண்டாம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறையில் இருக்கிறது.

விற்பனை வேறு கதை. 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடுவதற்கான பொருளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைவினை வளர்ச்சி ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. அதனால் விற்கும் எண்ணம் இருந்தால் முதலில் அந்தப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். காந்தம், பெயர்ப்பலகை, கோஸ்டர் பொம்மைக் கணக்கில் வராது. ஆனால் யானைக்குச் சக்கரம் வைத்த நிமிடம் அது பொம்மை.